ஐந்து பைசா பாக்கி

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகத் தில்லிக்கு வருகிறவர் பஸ்ஸில் செய்யும் முதல் தவறு, இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு கண்டக்டருக்காகக் காத்திருப்பது. கண்டக்டர் வரமாட்டார். தோளில் பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, வாயில் விசில் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும் நம்மூர் ஆசாமி வேறு, இவர் வேறு. தில்லி போக்குவரத்துக் கழகத்தின் பழைய பஸ்களில் பின் படிக்கட்டை ஒட்டி இவருக்கென்று ஓர் இருக்கை இருந்தது. பிற்பாடு வந்த தாழ்தள பஸ்களிலும் இவருக்கு இருக்கை உண்டு. இவர் அமர்ந்திருப்பார். ஊர்தான் இவரைத் தாண்டிப் போக வேண்டும்.

கண்டக்டர் என்றதும் தமிழருக்கு நினைவு வரும் முகம் ஒன்றுதான்: 1975இல் திரைக்கு வருவதற்கு முன் பெங்களூரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ரஜினிகாந்த். தில்லி கண்டக்டருக்கு ஸ்டைல் காட்டவெல்லாம் வசதி போதாது. ஒரு ஜன்னல், ஒரு பை, நிமிஷத்துக்கு நாலு புது முகங்கள். அவ்வளவுதான்.

அந்த முகங்களைப் பார்க்க ஆர்.கே.புரத்தைப் போல வேறு இடம் கிடைப்பது கஷ்டம். மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு என்பதால் காலை எட்டரை மணிக்கு டிபன் டப்பாவோடு ஏறுகிறவர்கள் குமாஸ்தாக்களும் செக்ஷன் ஆபீசர்களும். எதிர்ப்புறம் முனிர்க்கா கிராமத்து ஜாட் கிழவர் ஹுக்கா வாசனையோடு ஏறுவார். அவருக்குப் பின்னால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள், பாஸைக் காட்டுவதையும் ஒரு விவாதமாக்கிக்கொண்டு. ஒன்றாம் செக்டாரில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் இருந்த காலத்தில், ஆப்கானியக் குடும்பங்களும் ஆப்பிரிக்க மாணவர்களும் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். நாலாவது செக்டாரில் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஐந்தாவது செக்டாரில் தில்லித் தமிழ்ச் சங்கம், ஏழாவது செக்டாரில் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி. 1973இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலை ஊர் முழுக்க ‘மலை மந்திர்’ என்கிறது. ஹரியானா கண்டக்டர் வாயில் அது ‘மலாய் மந்திர்’ ஆகிவிடும். மலாய் என்றால் இந்தியில் பாலாடை. பாலாடைக் கோயிலில் இறங்க வேண்டியவர்கள் சஷ்டியன்று பூக்கூடையுடன் முண்டியடித்து இறங்குவார்கள். முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூட்டம் நெரிந்தால் கண்டக்டரிடம் போய்ச் சேர முடியாது. அப்போது நோட்டு கை மாறும். முன்னால் நிற்பவர் கொடுத்த பத்து ரூபாய் எட்டுக் கைகளைத் தாண்டிப் பின்னால் வரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே எட்டுக் கைகள் வழியே திரும்பிப் போகும். பர்ஸை அறுக்கிற பஸ்ஸில் இந்தச் சில்லறை மட்டும் பெரும்பாலும் தப்பாமல் போய்ச் சேர்ந்துவிடும். சமூகவியல் ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கவனித்தார்களா தெரியவில்லை.

கண்டக்டருக்கு வேதனை தருவது வேறொன்று. ‘ஸ்டாஃப்’ என்ற ஒற்றைச் சொல். போக்குவரத்து ஊழியர்கள் இலவசமாகப் போவதற்காகப் பிறந்த சொல் அது. அதைக் கான்ஸ்டபிள் எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்துக் கல்லூரிப் பையன். அவனுடைய சிநேகிதனும் கூடவே. எதிரில் நிற்கிறவர் நிஜமான ஸ்டாஃபா, வெறும் தைரியசாலியா என்பதை இரண்டு விநாடியில் முடிவு செய்ய வேண்டும். கேட்டால் அடி, கேட்காவிட்டால் மெமோ.

செக்கிங் ஆட்கள் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி அபராதம் கட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். கண்டக்டர் எங்கே இறங்குவது? ‘காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தரவில்லை’ என்று ஒரு பயணி சொல்லிவிட்டால் விசாரணை. அந்தப் பயணி யார், எந்த ஊர், நாளை எங்கே இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. 1977இல் ஹரியானா பஸ் கண்டக்டர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. பதினோரு பேர் காசு கொடுத்தும் டிக்கெட் இல்லாமல் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட விசாரணைக்கு வரவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பு, ஏறி இறங்கிப் போன பயணிகளைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை என்றது. துறை விசாரணைக்கு நீதிமன்றத்துச் சாட்சிய விதிகள் அப்படியே பொருந்தாது. தொழிலாளர் பக்கம் நின்றவராக அறியப்பட்ட நீதிபதிதான். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மனிதர்களைச் சந்திக்கிற ஒருவருக்குச் சாட்சி சொல்ல அவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தில்லியிலேயே நடந்தது இன்னும் விசித்திரம். 1973இல் ஒரு பெண் பயணியிடம் பதினைந்து பைசா வாங்கிக்கொண்டு பத்துப் பைசா டிக்கெட் கொடுத்தார் என்று ஒரு கண்டக்டர் மீது புகார். வித்தியாசம் ஐந்து பைசா. 1976இல் வேலை போயிற்று. 1990இல் தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது. நிர்வாகம் விடவில்லை, உயர் நீதிமன்றம் போனது. 2016இல் அங்கும் நிர்வாகத்தின் மனு தள்ளுபடியாகி, முப்பதாயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். எந்த நாணயத்துக்காக இந்த வழக்கோ, அந்த ஐந்து பைசா நாணயம் 2011லேயே செல்லாக் காசாகிவிட்டிருந்தது. பதினைந்து பைசா கொடுத்த அந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. தன் நிறுத்தத்தில் இறங்கி வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

கண்டக்டர் மட்டும்தான் பயணியை எடை போடுகிறார் என்பதில்லை. 2012 டிசம்பர் 16 இரவு, ஆர்.கே.புரத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற முனிர்க்கா நிறுத்தத்தில் ஒரு தனியார் பஸ் வந்து நின்றது. ஏறச் சொல்லிக் கூப்பிட்ட குரலை நம்பி ஓர் இளம்பெண்ணும் அவளுடைய நண்பரும் ஏறினார்கள். அப்புறம் நடந்தது நாடறியும். அதன் பிறகு வெகு நாட்கள், அந்த நிறுத்தத்தில் ராத்திரி வேளையில் நின்ற பெண்கள் பஸ்ஸின் நம்பரைப் படித்த பிறகு கண்டக்டரின் சீருடையையும் முகத்தையும் பார்த்துவிட்டே காலைப் படியில் வைத்தார்கள். தன்னை ஒருத்தி அப்படிப் பார்ப்பதைத் தினமும் தாங்கிக்கொள்வதும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டது.

2019 அக்டோபர் 29, பாயி தூஜ் அன்று, பெண்களுக்கு இலவசப் பயணமும் இளஞ்சிவப்பு டிக்கெட்டும் வந்தன. சகோதரன் சகோதரிக்குச் சீர் தரும் நாள் என்று பார்த்துத் தேதி வைத்தார்கள். காசு வேண்டாம், ஆனால் டிக்கெட் வாங்கியாக வேண்டியிருந்தது. சில்லறைத் தகராறு பாதி ஒழிந்தது. மீதிப் பாதி ஆண்களோடு நடந்தது.

ஐந்தாவது செக்டாரில்தான் பார்வையற்றோருக்கான தேசியச் சங்கத்தின் தில்லி மையம் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு வருகிற பஸ் எந்த நம்பர் என்று யாராவது சொல்லியாக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அவசரத்தில் முந்திக்கொண்டு ஏறிவிடுவார். சில கண்டக்டர்கள் ஜன்னலில் தலையை நீட்டி நம்பரைக் கத்துவார்கள். விதிமுறையில் இல்லாத வேலை; யாரும் மெமோ தருவதுமில்லை, மெச்சுவதுமில்லை. ஏறியவர் பாஸை எடுக்கப் பையில் கைவிடுவதற்குள் கண்டக்டர் அவர் முழங்கையைப் பிடித்து முன் சீட்டு ஆளை எழுப்பிவிட்டு உட்கார வைப்பார். பஸ் நகரும்.

“பாயி சாப், நேற்று வேறு குரலாக இருந்ததே, லீவா?” என்பார் அவர்.