முழங்கால் ஜவ்வும் பொங்கல் ஆட்டமும்

ஆனி 12, வடகரை

மேக்கரைப் பக்கமிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்த காலை வேளையில், ஒரு காலத்தில் என்னிடம் உடற்பயிற்சி பயின்றவனும், இப்போது சுற்றுவட்டாரக் கபடி ஆட்டங்களிலெல்லாம் பெயர் பெற்றவனுமான இளைஞனை, சஸ்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். சித்திரைக் கோயில் கொடை ஆட்டத்தில் அவனை எவரும் தொடவில்லை. பாடிப் போனவன் சட்டென்று திரும்புகையில் ஊன்றிய பாதம் மண்ணிலேயே நிற்க, உடல் மட்டும் சுழன்று, 'டப்' என்ற ஓசையோடு முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. கீழ்க்காலெலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் காக்கின்ற இந்த முன்ஜவ்வு முற்றும் அறுந்தபின் தானாகக் கூடுவது அரிதாகையால், தொடையின் பின்புறத்துத் தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதன் இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள்.

இப்போது அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கும் அப்பியாசம் பார்வைக்கு அற்பமானது: சுருட்டிய துண்டை முழங்காலின் அடியில் வைத்து அழுத்துவதும், காலை முற்றும் நீட்டுவதும். "எவ்வளவு முக்கினாலும் தொடை இறுக மாட்டேங்குது சார்" என்றான். மூட்டில் வீக்கம் உள்ளவரை அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகளே தொடையின் முன்தசையை ஒடுக்கி வைக்கின்றன. அது சோம்பலன்று, சரீரத்தின் சுபாவம். இந்த முதல் வாரங்களில் முழுமையாக நீளாத கால் பின்னால் எந்நாளும் தொல்லை தரும் என்பதால், அவன் தாயாரிடமும் இதை வற்புறுத்திச் சொல்லி வந்தேன்.

ஆவணி 5

வலி நீங்கிவிட்டதாம், நண்பர்களோடு ஐந்தருவிக்குப் போகலாமா என்று கேட்கிறான். பாசி படர்ந்த பாறையை நினைத்ததும் எனக்கு உள்ளம் பதறியது. பொருத்திய தசைநாணில் முதலில் உயிரணுக்கள் மடிந்து, புது ரத்தக் குழாய்கள் மெல்ல உட்புகுந்து, பிறகே அது ஜவ்வின் தன்மையை அடைகிறது. பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் வாடி நிற்பதுபோல, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாக இருக்கும். வலி விடைபெறுவதும் அந்தச் சமயத்தில்தான். இந்தச் சிகிச்சையில் ஆட்டக்காரனுக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் இதைவிடக் கொடியதாக எதையும் நான் கருதவில்லை.

ஐப்பசி 20

அடைமழை. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், சுவரில் முதுகு சாய்த்து அமர்தல், ஒற்றைக்காலில் நிற்றல் என்று படிப்படியாக முன்னேறியிருக்கிறான். பண்பொழித் திருமலைக் கோயில் படிகளைப் பிடிமானமின்றி இறங்கியும் காட்டினான். ஏறுவதைவிட இறங்குவதே தொடைத் தசைக்குக் கடும் பரீட்சை. கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட்டின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். 2022 டிசம்பர் 30-ஆம் தேதி கார் விபத்தில் சிக்கி, ஜனவரியில் முழங்கால் ஜவ்வுகளுக்குச் சிகிச்சை பெற்றவர், 2024 மார்ச்சில்தான் மீண்டும் போட்டியில் இறங்கினார்; அந்தச் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் சதமும் அடித்தார். அவருடைய காயம் இவனுடையதைவிடப் பெரிது. ஆனால் அவருக்கு வாய்த்த உதவிகளும் பெரிது.

மார்கழி 18

பொங்கல் ஆட்டத்துக்குப் பெயர் கேட்டுக் கமிட்டியார் வந்தார்கள். "ஒரே ஒரு ஆட்டம், சார்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்பது மாதம் வரையில் ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒத்திவைக்கும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் விகிதத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. காலம் மட்டும் போதாது. தொடை வலிமையிலும் ஒற்றைக்கால் தாண்டலிலும் நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறாவது எட்டியாக வேண்டும். இவன் எண்பதைத்தான் எட்டியிருக்கிறான்.

கொடைக்கும் பொங்கலுக்கும் ஆட்டம் நடத்தும் பெரியோர்களை வேண்டிக்கொள்கிறேன்: ஜவ்வுச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைவதற்கு முன்பும், பிசியோதெரபி நிபுணர் அளந்து பார்த்துச் சம்மதம் சொல்வதற்கு முன்பும், அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவனே வந்து கெஞ்சினாலும் சேர்க்காதீர்கள்.