காற்றுக்காக கிராஷ் பாரை வெட்டலாமா? ஆழ்வார்குறிச்சி இளைஞரை யோசிக்கவைத்த அப்பாவின் கேள்வி!

பம்பரைக் கழற்றினால்தான் அது கண்ணுக்கே தெரியும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பம்பர் வெறும் முகமூடி. அதற்குப் பின்னால் வண்டியின் அகலத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் குறுக்கே கிடக்கும். அதுதான் கிராஷ் பார். பத்து வருடம் ஓட்டிய வண்டியிலும் அதை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம். பார்க்காமலே இருந்துவிட்டால் அது நல்ல அதிர்ஷ்டம்.

ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்த அந்த இளைஞருக்கு 28 வயது. ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் படித்துவிட்டு டிராக்டர் வேலை பார்க்கிறவர். கடந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பழைய டர்போ டீசல் காரின் பம்பரைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தார். கையில் சாக்பீஸ். கிராஷ் பாரின் நடுவில் மூன்று கட்டங்கள் வரைந்தாகிவிட்டது. பக்கத்தில் கிரைண்டரோடு வெல்டர் அண்ணாச்சி தயார்.

"மூணு ஜன்னல் வெட்டுவோம் தம்பி. காத்து நேரா உள்ள போவும். பொறவு பாருங்க, வண்டி பறக்கும்" என்பது அண்ணாச்சியின் வாக்குறுதி.

வண்டி பறக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. ஏறினால் போதும் என்பதுதான் தேவை. அவருடைய அப்பா ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இதய சிகிச்சைக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய்வர வேண்டும். கடையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரை 'எஸ்' வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அப்பா, அம்மா, அக்கா, பைகள், ஓடும் ஏசி. வெயில் காலத்தில் புளியரை ஏற்றத்துக்கு வரும்போது வண்டி மூச்சு வாங்கும். முன்னால் கேரளாவுக்குப் போகும் பாரம் ஏற்றிய டாரஸ் லாரி, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ். முந்தவும் முடியாது, பின்தங்கவும் முடியாது. ஏசியை அணைத்தால் கொஞ்சம் தேறும். ஆனால், இதய நோயாளியை அந்தப் புழுக்கத்தில் உட்காரவைக்க யாருக்கு மனம் வரும்?

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் பார்த்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் சமதளத்தில் 50 டிகிரிக்குப் பக்கம். புளியரை வளைவில் அது 71.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றாடி. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அது 130 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று விரிந்துகொள்ளும்; அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். ரேடியேட்டர் போலவே இருக்கும். உள்ளே தண்ணீருக்குப் பதில் எஞ்சினுக்குப் போகும் காற்று ஓடும், வெளியே எதிர்க்காற்று அடிக்கும். 70 டிகிரி காற்றை 50-க்கு இறக்கினாலே சுமார் 6 சதவிகிதம் கூடுதல் காற்று எஞ்சினுக்குக் கிடைக்கும். காற்று ரொம்பச் சூடானால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் வண்டி 'செத்துப்போகிற' உணர்வு அதனால்தான்.

அவருடைய வண்டியில் இன்டர்கூலரின் மேல்பாதியை மறைத்தபடி கிராஷ் பார் குறுக்கே கிடந்தது. திருடன் கையோடு பிடிபட்ட மாதிரி இருந்தது அவருக்கு. போனில் பார்த்த வீடியோக்களும் அதையே சொல்லின. வெளிநாடுகளில் கிராஷ் பாரில் வட்ட வட்டமாகத் துளை போடுகிறார்கள், வெட்டிக் குறுக்குகிறார்கள், சிலர் கழற்றியே எறிகிறார்கள். ஆனால், அந்த வண்டிகளில் பல பந்தயத் தடத்தில் ஓடுபவை என்பதை அந்த வீடியோக்கள் சத்தமாகச் சொல்வதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் ரேஸ் காருக்குள் எட்டிப் பாருங்கள். இரும்புக் கூண்டு இருக்கும், டிரைவரை இறுக்கிக் கட்டும் பெல்ட் இருக்கும், தலையில் ஹெல்மெட் இருக்கும். எதிரே டாரஸ் லாரி வராது.

அப்பா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஒயரை பிளக்கில் மாட்டப்போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏல, இந்தக் கம்பி எதுக்கு வச்சிருக்கான்?"

"இடிச்சா தாங்குததுக்குப்பா."

"முன் சீட்ல உக்காந்து வாரது நான்தானல?"

அவ்வளவுதான் கேட்டார். மகன் பிளக்கைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கிராஷ் பார் உண்மையில் என்ன செய்கிறது? எதிரே இருப்பதில் வண்டியின் ஒரு மூலை மட்டும் மோதினாலும், அந்த அடியை இரண்டு பக்கத்துக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அதன் இரு முனைகளிலும் சின்னப் பெட்டி போன்ற உறுப்புகள் உண்டு. தீப்பெட்டி நசுங்குவது போல அவை மடிந்து மடிந்து அடியின் வேகத்தை விழுங்கும். அதற்குப் பின்தான் சேஸிஸ். பாரின் நடுவில் துளை போட்டால் என்ன ஆகும்? முன்பக்கம் அடி விழும்போது பார் வளையப் பார்க்கும். அப்போது அதிகச் சுமையைத் தாங்குவது அதன் முன்சுவரும் பின்சுவரும். காற்று போக வேண்டும் என்று துளை போடுவதும் சரியாக அதே இரண்டு சுவர்களில்! துளைக்குப் பதில் சட்டத்தை வெட்டி, குழாய் வைத்து வெல்டிங் செய்தாலும் சிக்கல் தீராது. இப்போதைய கார்களில் பல கிராஷ் பார்கள் சூட்டில் பதப்படுத்திய உறுதியான எஃகால் ஆனவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்கு மொத்தமாக, கனமாக இருக்கும்; அடி விழும்போது அந்த இடத்தில்தான் முதலில் மடங்கும்.

இன்னொன்று ஏர்பேக். எந்த நொடியில் விரிய வேண்டும் என்பதை வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. முன்பகுதி எப்படி நசுங்கும் என்று தொழிற்சாலையில் இடித்துப் பார்த்து அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். இந்தியாவில் புது மாடல் கார்களுக்கு 2017 அக்டோபர் முதல் இந்த முன்பக்க மோதல் சோதனை கட்டாயம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் 40 சதவிகிதம் மட்டும் தடுப்பில் மோத வேண்டும். 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீட்டில் வேகம் 64 கிலோமீட்டர். சாக்பீஸால் கட்டம் வரைந்து வெட்டிய காரை எவரும் அப்படி இடித்துப் பார்த்ததில்லை.

சட்டமும் இதில் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் கேள்வி கேட்பார்.

இங்கே ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்வார்குறிச்சிக்கும் எஞ்சினுக்கும் பழைய சொந்தம் உண்டு. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய எஸ்.அனந்தராமகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். டீசல் எஞ்சின், பிஸ்டன், டிராக்டர் என்று அந்தக் குழுமம் செய்யாத இரும்பு வேலை குறைவு. அவருடைய மகன் பெயர் சிவசைலம். பக்கத்தில் கடனா நதிக்கரையில் இருக்கும் கோயில் தலத்தின் பெயரும் அதுவே. அந்த ஊரில் டிராக்டர் பிரிக்கிற ஒரு பையன், வெட்டுவதற்கு முன் ஒரு நாள் நின்று யோசித்தது பொருத்தம்தான்.

நின்று யோசித்ததில் வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, பம்பருக்கு வெளியே பழைய ஓனர் மாட்டிவைத்திருந்த தடிமனான பம்பர் கார்டு. அதன் நடுவில் இரண்டு பெரிய லைட், கீழே அகலமான நம்பர் பிளேட். கீழ் கிரில்லில் காற்று நுழையும் வாசலில் கணிசமான பகுதியை இந்த மூன்றும் அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே இருக்கும் கிராஷ் பாரைக் குற்றவாளியாக்கியவர், வெளியே இருந்ததைப் பார்க்கவே இல்லை!

இந்த பம்பர் கார்டுக்கே தடை இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இவற்றைப் பொருத்தியவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. காரணம் எளிது. பம்பர் கார்டை நேராக சேஸிஸில் முடுக்கிவிடுவார்கள். மோதினால் அடி, நசுங்க வேண்டிய பெட்டிகளைத் தாண்டி சேஸிஸுக்குப் போகும். உள்ளே இருப்பவர் உடம்புக்கும் அந்த உலுக்கல் வரும். ரோட்டில் நடந்து போகிறவர்மீது பட்டாலோ, பிளாஸ்டிக் பம்பருக்குப் பதில் இரும்புக் குழாய். வண்டிக்குக் கீறல் விழாமல் இருக்க மனிதர்கள் விலை கொடுப்பது விநோதமான கணக்கு.

இரண்டாவது, இன்டர்கூலரின் வலப்பக்கம் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மறைப்பு இல்லை. எப்போதோ பம்பர் வேலை நடந்தபோது கிளிப் உடைந்து, யாரோ அதை மாட்டாமலே விட்டிருக்க வேண்டும். பார்க்க அற்பமான தகடு. அதன் வேலை பெரியது. காற்றும் தண்ணீர் மாதிரிதான், சுலபமான வழி கிடைத்தால் அதில் போய்விடும். இன்டர்கூலரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிட, பக்கத்து இடைவெளியில் நழுவுவது அதற்கு சுலபம். மறைப்பு இல்லாவிட்டால், கிராஷ் பாரில் மூன்றல்ல, முப்பது ஜன்னல் வைத்தாலும் பாதிக் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

மூன்றாவது அழுக்கு. அறுவடை நாள்களில் வயலோரச் சாலையில் ஓடிய வண்டி. இன்டர்கூலர் தகடுகளுக்கு இடையில் வைக்கோல் தூசி, செத்த பூச்சி, காய்ந்த சேறு. டார்ச் அடித்துப் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அடைப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. பம்பர் கார்டும் கூடுதல் லைட்டும் போயின. நம்பர் பிளேட்டைக் கம்பெனி பொருத்திய இடத்துக்கே மாற்றினார். திருநெல்வேலியில் ஆர்டர் கொடுத்து அசல் மறைப்பு வாங்கினார். கிளிப்போடு 840 ரூபாய். மீதி இடுக்குகளுக்கு ஃபோம் பட்டை 120 ரூபாய். இன்டர்கூலரை பின்பக்கத்திலிருந்து, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவினார். பிரஷர் பம்பை நேராக வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும், இதை வாட்டர் சர்வீஸில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஹோஸ் கிளாம்ப் ஒன்று தளர்ந்து எண்ணெய் கசிந்திருந்தது, அதையும் இறுக்கினார்.

மே மாதம் திருவனந்தபுரம் பயணம். அதே வளைவு, அதே நான்கு பேர், அதே ஏசி, வெயிலும் ஏறக்குறைய அதே. போனில் 58 டிகிரி. முன்பு 71. பதின்மூன்று டிகிரி இறங்கியதில் எஞ்சினுக்குக் கிடைத்தது 4 சதவிகிதம் கூடுதல் காற்று. வண்டி பறக்கவில்லை. எஸ் வளைவில் இரண்டாவது கியர்தான். ஆனால், ஏசியை அணைக்காமலே ஆரியங்காவு வரை ஏறிவிட்டது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டார். அழுக்கு எடுத்ததுதான் பாதி வேலை செய்தது என்பது அவருடைய சந்தேகம்.

பம்பர் கார்டு இல்லாத வண்டியைப் பார்த்து அப்பாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. நாற்பது வருடம் லாரியின் கனத்த பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். "மொட்டையா இருக்குல" என்றார். அந்தப் பம்பர் கார்டு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனது. 11 கிலோ இருந்தது.