புகையும் கல்லும் புகையா அடுப்பும்

கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. ‘கல்’ என்பது பாறை. பாறைகளின்மீது வீழ்ந்து சிதறும் காவிரியின் நீர்த்திவலைகள் புகையெனத் தோன்றுவதால் ஒகேனக்கல் என்னும் பெயர் அமைந்தது. அந்தப் புகையைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அதே ஊரில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் எழுந்த புகையைக் காண எவரும் வந்ததில்லை. நாற்பதாண்டுகள் அதனை உண்டவர் என் தாயார் ஒருவரே.

தந்தையார் பரிசல் ஓட்டினார். அவர் கையில் ஒரு துடுப்பு. தாயார் கையில் களி கிளறும் துடுப்பு. இவ்விரண்டினாலும் நாங்கள் வளர்ந்தோம், படித்தோம். தந்தையார் மறைந்தபின் தாயாருக்கு இரைப்பு மிகுந்தது. விறகுப் புகை இனி ஆகாதென்றார் மருத்துவர். எரிவாயு அடுப்பு இருந்தும், தீர்ந்துவிடுமே என்றஞ்சித் தேநீருக்கு மட்டுமே அதனைப் பற்றவைப்பார். எனவே, சோறாக்கவும் பருப்பு வேகவைக்கவும் இட்லி அவிக்கவும் வல்ல மின் குக்கர் ஒன்றை வாங்கிச் சென்றேன்.

“தீயே இல்லாம சோறு எப்படி வேகும் கண்ணு?” என்றார்.

விளக்கினேன். தானே நின்றுவிடும் மின் சோற்றுக் கலனை 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. கலத்தில் நீர் உள்ளவரை வெப்பம் ஏறத்தாழ 100 பாகையிலேயே நிற்கும். அரிசி நீரை உறிஞ்சியபின் வெப்பம் உயரும்; அவ்வுயர்வை உணரும் உறுப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆயிரம் வாட் கலன் அரைமணி நேரம் முழுத்திறனில் இயங்கினாலும் அரை யூனிட்டே ஆகும். வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமில்லா மின்சாரத்தைத் தமிழக அரசு 2016இல் வழங்கத் தொடங்கியதையும் எடுத்துரைத்தேன்.

அடுத்த மாதம் சென்றபோது குக்கர் துணிபோர்த்து மூலையில் இருந்தது, விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சினந்து பேசினேன். தாயார் நெடுநேரம் மௌனமாயிருந்து, “எல்லாத்தையும் அதுவே செஞ்சுட்டா, இந்த வீட்டுல நான் எதுக்கு?” என்றார்.

மின் கணக்குச் சொன்ன எனக்கு இக்கேள்விக்கு விடை தெரியவில்லை. சற்றே தலைகுனிந்து, “களி கிண்ட அதுக்குத் தெரியாதேம்மா” என்றேன். தருமபுரிச் சீமையில் கேழ்வரகுக் களி இல்லாத வீடேது? தாயார் எழுந்துவந்தார். நொய்யைக் குக்கரில் குழைய வேகவைத்தார். மாவைக் கொட்டி மூடி வேகவிட்டார். கிளறினால் உட்கலம் சுழலும், பூச்சும் கெடும் என்பதை அவரே கண்டுகொண்டார். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அனைத்தையும் பழைய சட்டியில் கவிழ்த்து, கவைக்கோலால் சட்டியை அழுத்திக்கொண்டு, துடுப்பால் கட்டியின்றிக் கிளறி உருட்டினார். அன்று மீன் குழம்போடு உண்ட களியில் சுவை குறையவில்லை.

இன்று அன்றாடச் சோறும் பருப்பும் குக்கரிலேயே வேகின்றன. மின்தடை நேரும் நாளில் எரிவாயு அடுப்பு துணைநிற்கிறது. விறகு, முற்றத்தில் வெந்நீருக்கு மட்டுமே. அதனையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளே மூட்டித் தருகின்றனர். இரைப்பு முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இரவில் அமர்ந்தபடியே விடிய விழித்திருக்கும் துன்பம் குறைந்துள்ளது.

முதியோர்க்குக் கருவி வாங்கித் தருவது எளிது. அக்கருவிக்குப் பின்னும் அவர்களுக்கு வீட்டில் இடமுண்டு என உணர்த்துவதே பிள்ளைகளின் கடன். இதனை எனக்குக் கற்பித்தது பாடநூலன்று; தாயார் கையிலிருந்த துடுப்பே.