உயரமான பெண்பிள்ளை



வகுப்பின் கடைசி வாங்கில் கூனிக் குறுகி உட்காரும் மாணவிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் உயரமானவர்கள். "இந்த வளர்த்திக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று மாமியோ சாச்சியோ சிரித்தபடி சொன்ன ஒரு சொல் போதும். அதன்பிறகு அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடக்காது. கல்யாணப் பேச்சில் சீதன வீட்டைப் போலவே பெண்ணின் உயரத்தையும் அளந்து பார்ப்பவர்கள்தானே நாம்!

தர்ஜினி சிவலிங்கத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1979இல் பிறந்த தமிழ்ப் பெண். பிள்ளைப் பருவம் யுத்தத்துக்குள் கழிந்தது. உயரம் 208 சென்ரிமீற்றர். அதாவது 6 அடி 10 அங்குலம். சிறு வயதில் கேலிக்கு ஆளானதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பட்டப்படிப்புக்கு வந்தது நம் பக்கத்துக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு. மட்டக்களப்பைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் வந்தாறுமூலையைக் கடந்திருப்பீர்களே, அங்கேதான்.

அவர் கையில் எடுத்தது வலைப்பந்தாட்டம். கூடைப்பந்தாட்டத்திலிருந்து பெண்களுக்கென்று பிறந்த விளையாட்டு இது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும். அணிக்கு ஏழு பேர். அவர்களில் இருவருக்கு மட்டுமே கோல் போட அனுமதி. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். பின்னால் பலகை கிடையாது. பந்தை வைத்திருப்பவரைத் தடுக்க வருபவர் 0.9 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும். இத்தனை விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். உயரத்தில் எறிந்த பந்தை வேறு எவர் கையும் எட்டாத இடத்தில் பிடித்து, அமைதியாகத் திரும்பி வளையத்துக்குள் போடுபவரை யார் என்ன செய்ய முடியும்? ஊரார் குறை என்ற அதே உடம்புதான்.

கொழும்புக்குப் போனபோது அவருக்குச் சிங்களம் தெரியாது. அணியிலோ பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். 2009இல் அந்த அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. பின்னர் அவர் அவுஸ்திரேலியா சென்று, மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் பல்கன்ஸ் கழகத்துக்காக விளையாடினார். ஒன்பது ஆண்டுகள் கைநழுவியிருந்த ஆசியக் கிண்ணம் 2018இல் திரும்பி வந்தது. சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 69க்கு 50 என்று தோற்கடித்தார்கள். அதிலும் தர்ஜினி இருந்தார்.

உடையைப் பற்றி, ஆண்கள் பார்ப்பதைப் பற்றி உங்களுக்குக் கேள்வி எழும். எழத்தான் வேண்டும். அதைத் தனியாகப் பேசலாம். மகளிர் பாடசாலையின் மதிலுக்குள், பெண் ஆசிரியையிடம் பழகும் பிள்ளையை அந்தக் கேள்வியைக் காட்டி மறிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கேலிதான். சூரத்துல் ஹுஜுராத்தில் பரிகாசம் தடுக்கப்படும் இடத்தை எடுத்துப் பாருங்கள். பொதுவாகச் சொன்னதோடு நிற்காமல், பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதும் அங்கே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உயரமான பிள்ளையைக் கேலி செய்பவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்கள் வீட்டுக் குசினியிலேயே கேட்டுப் பாருங்கள்.

2019இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணம் நடந்தது. அப்போது தர்ஜினிக்கு நாற்பது வயது. 348 கோல்கள் போட்டார். அந்தப் போட்டித் தொடரில் வேறு எந்த நாட்டு வீராங்கனையும் அத்தனை போடவில்லை. ஆனால் பதினாறு அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடம். பந்தை நடு மைதானத்தில் பறித்து அவர் கைவரை கொண்டு சேர்க்க மற்ற ஆறு பேரும் வேண்டுமல்லவா? அந்த ஆறு பேர் மிகவும் உயரமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.