கல்வியின் விலை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. சாமையும் தேனும் புளியும் பலாவும் அதன் செல்வங்கள். அம்மலையின் தென்புறத்தே அமைந்த செங்கம் என்னும் ஊர், பண்டு செங்கண்மா என வழங்கியது. அதனை ஆண்ட நன்னனைப் பாடுவதே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். 583 அடிகளையுடைய அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்பதும் ஒரு பெயர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அஃது அமைந்துள்ளது. அவன் பரிசிலின் பெருமையை மட்டும் உரைத்து நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே உண்டு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கத்திலிருந்து வரும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்பவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றான். வழிகாட்டுவோர்க்கு இலக்கணம் அதுவே.

இன்று அம்மலையிலிருந்து வழி கேட்டு நிற்பவன் கூத்தனல்லன். கணிப்பொறியியல் கற்ற மாணவன். அத்தகைய மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் பெற்றோர்க்கு மலைச்சரிவில் சிறிது சாமை நிலமும் சில புளியமரங்களும் உண்டு. தங்கை ஜமுனாமரத்தூரில் பள்ளியில் பயில்கின்றாள். சமவெளியிலுள்ள கல்லூரியொன்றில் பொறியியற் பட்டம் பெற்ற அவனுக்கு அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இரண்டிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒன்று முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு அழைக்கின்றது. கல்விக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் உணவுக்கும் உறையுளுக்கும் பொருளும் உண்டு. காலம் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். மற்றொன்று முதுநிலைப் பட்டத்துக்கு அழைக்கின்றது. காலம் இரண்டே ஆண்டுகள். செலவு முழுவதும் அவனுடையது.

ஊரார்க்கு இதில் ஐயமே எழுவதில்லை. பொருள் கொடுத்து அழைப்பவரை விடுத்துப் பொருள் கேட்பவரிடம் செல்வார் உண்டோ என்பர். தந்தையோ, "நிலத்தை ஈடு வைத்துக்கொள்ளலாம், நீ விரும்பியதைப் படி" என்கின்றார். தாய் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு என்று மட்டும் கேட்கின்றாள்.

முதலில் பணத்தைக் கணக்கிடுதல் முறை. முதுநிலைப் படிப்புக்கு 40 இலட்சம் ரூபாய் கடன் வேண்டியிருக்கின்றது எனக் கொள்வோம். நூற்றுக்குப் பத்து வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதாயின் மாதந்தோறும் 52,000 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு ஈடு கேட்கும். மலைச்சரிவுச் சாமை நிலம் அத்தொகைக்கு ஈடாகுமா என்பதே ஐயம். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் இக்கடன் சில ஆண்டுகளில் தீரும். வேலை கிடைக்கத் தாமதமானால், அல்லது ஊருக்கே திரும்ப நேர்ந்தால், அக்கடனைத் தங்கையும் சேர்ந்து சுமக்க வேண்டியதாகும்.

இவ்வளவில் ஊரார் கூறியதே சரி என்று தோன்றும். ஆயினும் மற்றைக் கடிதத்துக்கும் விலை உண்டு. அது ரூபாயில் எழுதப்படவில்லை. முன்னாளில் இத்தகைய தொகையை உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். அச்சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உபகாரம் என்பது பயன் கருதாது தருவது. சம்பளம் என்பது உழைப்புக்குத் தருவது. முனைவர் பட்ட மாணவன் பெறும் தொகையில் இவ்விரண்டும் கலந்துள்ளன. அவன் இளைய மாணவர்க்குப் பாடம் நடத்துதல் வேண்டும். அல்லது நெறியாளர் மேற்கொண்ட ஆராய்ச்சித் திட்டத்தில் உழைத்தல் வேண்டும். அத்திட்டத்துக்கு வரும் பொருள் நின்றாலும், நெறியாளர் வேறிடம் சென்றாலும் அவன் நிலை தளரும். கல்வி கருதிப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது என்று தொல்காப்பியம் வரையறை செய்தது. இக்காலத்து ஆராய்ச்சி அவ்வரையறைக்கு அடங்குவதன்று! அதே ஐந்து ஆண்டுகளில் முதுநிலைப் பட்டம் பெற்ற தோழன் இரண்டாண்டு கற்று, மூன்றாண்டு ஊதியமும் ஈட்டியிருப்பான். தாய் கேட்ட கேள்வி சிறியதன்று.

ஆகவே, பொருள் தருவார் யார் என்பது இரண்டாம் கேள்வியே. ஐந்து ஆண்டுகள் விடாது பற்றி நிற்கும்படி மாணவனைப் பிடித்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் ஏதேனும் உண்டா என்பதே முதற்கேள்வி. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அதே மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், வேணு பாப்பு வானாய்வகம் நிற்கின்றது.

வேணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஐதராபாத்து நிசாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தார். எனவே இளமையிலேயே தொலைநோக்கி அவருக்குப் பழக்கமாயிற்று. மாணவராயிருந்தபோதே ஒளி மாறும் விண்மீன்களை நோக்கி ஆராய்ச்சிக் குறிப்புகள் எழுதினார். ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்று அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றது அதன் பின்னரே. 1949இல் அங்கே வால்மீன் ஒன்றைக் கண்டார். பாப்பு, பாக், நியூகர்க் என்னும் மூவர் பெயரையும் அது தாங்கியுள்ளது. 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் சிறிது காலம் ஆராய்ந்தபின் தாயகம் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற அவர், இரவு வானை நோக்கத்தக்க இடம் தேடித் தேர்ந்த ஊரே காவலூர். நிலநடுக்கோட்டிற்கு அணித்தாதலின் வடவானோடு தென்வானிலும் பெரும்பகுதியை அங்கிருந்து காணலாம். 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்று அங்கே நிறுவப்பெற்றது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1982இல் அவர் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.3 மீட்டர்த் தொலைநோக்கி 1986இல் அவர் பெயராலேயே இயங்கத் தொடங்கியது.

அக்காவலூரிலிருந்து 1988இல் காணப்பெற்ற சிறுகோள் ஒன்றுக்கு இராமானுசன் என்று பெயர். பெயர்ப் பொருத்தம் வியக்கத்தக்கது. கணித மேதை இராமானுசன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவர். பட்டம் பெறாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அத்தொகை வருமுன்பே அவர் குறிப்பேடுகள் கணிதத்தால் நிறைந்திருந்தன. இருவர் வாழ்விலும் வேட்கை முன்னே சென்றது. பொருள் பின்னே வந்தது. மலையூர் மாணவன் நெஞ்சில் அத்தகைய வேட்கை இருப்பின் முதற்கடிதமே அவனுக்கு உரியது. ஐந்து ஆண்டும் நீண்டதாகத் தோன்றாது. நல்லதொரு வேலைக்கு வேண்டிய தேர்ச்சியே அவன் நாடுவதாயின் அது குறைவான நோக்கமன்று. குடும்பத்தைத் தாங்க நினைப்பவனை யார் பழிப்பர்? ஆனால் அந்நோக்கத்தோடு முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேர்தல் பொருந்தாது.

இங்கே சிலர் ஒரு சூழ்ச்சி கற்பிப்பர். உதவித்தொகையோடு ஆராய்ச்சியில் சேர்ந்து, இரண்டாண்டு கழித்து, முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறிவிடு என்பர். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அவ்வாறு வெளியேற வழியுண்டு. சேர்ந்து உழைத்தபின், இது தன் துறையன்று என்று உணர்ந்து விலகுபவனிடம் குற்றமில்லை. சேரும் நாளிலேயே அதனை எண்ணிச் சேர்பவன், நம்பிய ஆசிரியரையும், அவ்விடம் கிடைக்காது நின்ற மற்றொரு மாணவனையும் ஒருங்கே வஞ்சிக்கின்றான்.

கடிதங்கள் இரண்டே என்பதனால் வழிகளும் இரண்டே என்று கொள்ள வேண்டுவதில்லை. 'கேட்' தேர்வில் தேறி இந்நாட்டிலேயே எம்.டெக். பயில்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இந்நாட்டில் முனைவர் பட்டம் நாடுவோர்க்கு, இளநிலை ஆராய்ச்சியாளர்க்குரிய தொகை 2023 முதல் 37,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. பழங்குடி மாணவர் வெளிநாட்டில் முதுநிலைப் பட்டம் பயிலவும் நடுவணரசின் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு இருபது பேருக்கே என்பதால் அது கிடைத்தல் அரிது. ஆயினும் விண்ணப்பிக்காதவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

உதவித்தொகையோடு அழைக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, ஏப்ரல் 15 வரை மாணவர்க்கு அவகாசம் தருகின்றன. அதற்குள் அம்மாணவன் செய்யத்தக்கது, அந்நெறியாளரிடம் முன்பு பயின்று வெளியேறியவர்க்குக் கடிதம் எழுதுதல். எத்தனை ஆண்டு ஆயின? கோடை விடுமுறையிலும் தொகை வந்ததா? இடையில் விலகியவர் எத்தனை பேர்? விலகியது எதனால்? பரிசில் பெற்று மீண்ட கூத்தர் அவர்களே. பாறையும் பொறியும் இருக்குமிடம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் விடை எழுதும் வரை நிலப்பத்திரம் பெட்டியிலேயே இருக்கலாம்.