வடகாலும் வாலையும்

தமிழில் 'வடித்தல்' என்னும் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. சோறு வடிக்கிறோம், கண்ணீர் வடிக்கிறோம், சிலை வடிக்கிறோம். போதாதென்று பாடநூலார் அதன் முன்னே 'காய்ச்சி' என்று ஒன்றைச் சேர்த்து வேதியியலுக்கும் அனுப்பிவைத்தார்கள். சோறு வடிக்கும்போது பருக்கையும் கஞ்சியும் பிரிகின்றன. திண்மம் இங்கே, நீர்மம் அங்கே. காய்ச்சி வடிக்கும்போதோ பிரிவது ஒன்றோடொன்று முழுதும் கலந்த பொருள்கள். வடிதட்டு எதுவும் அவற்றைப் பிரிக்காது. ஆவியாகி எழுவதில் எது முந்துகிறது என்பதொன்றே பிடிப்பு. இந்த வேறுபாட்டை இத்தனை ஆண்டுகள் தமிழ் கற்பித்தும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் வல்லம் வடகால் பக்கத்து மாணவர் ஒருவர்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வேதிப்பொறியியல் சேர்ந்தவர். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். தாம் கணினியில் செய்த ஒரு வேலையைத் தாம் படித்த பள்ளியின் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொற்களைச் சரிபார்க்க நம்மிடம் வந்தார். "ஐயா, காலத்துல ஒரே நேரத்துல ஆவி மேல போகுது, திரவம் கீழ வருது. இத வடிக்கிறதுன்னு சொன்னா பசங்களுக்குப் புரியுமா?" என்றார். காலம் என்று அவர் சொன்னது பிரிப்புக் கோபுரத்தை. ஆலைகளில் அப்படித்தான் வழங்குகிறது. நமக்கோ ஒரு கணம் காலதேவன் நினைவுக்கு வந்து போனான்.

ஊர்ப்பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கால் என்றால் வாய்க்கால்; ஏரிகள் நிறைந்த நிலப்பகுதியில் வடகால் என்ற பெயரில் வாய்க்காலைக் காண்பதே இயல்பு. ஆனால் பழந்தமிழில் கால் என்றால் காற்றும்கூட. இன்று அங்கே வாய்க்காலைத் தேடுகிறவர் சிப்காட் தொழிற்பூங்காவைத்தான் காண்பார். ராயல் என்ஃபீல்டு ஆலை 2017-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாளிதழ்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. நமக்கு வேண்டியது அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் காற்று.

மாணவர் கணினியில் பிரிக்க எடுத்துக்கொண்டதும் காற்றைத்தான். வகுப்பில் வழக்கமாகத் தருவது பென்சீனும் டொலுவீனும் கலந்த கலவை. அது பாதுகாப்பான கணக்கு, எல்லாரும் செய்து முடித்தது. இவர் காற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் அவர் தந்தை ஒன்பது நாள் உயிர்வளிக் குழாயோடு கிடந்து பிழைத்தவர். அந்நாள்களில் வீட்டில் எந்நேரமும் புழங்கிய சொல் 'சிலிண்டர்'. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது அந்தப் பள்ளிச் சிறுவன் கேட்டதற்கு விடை சொல்ல வீட்டில் எவருமில்லை.

விடை பக்கத்திலேயே இருந்தது. திருப்பெரும்புதூரில் ஐநாக்ஸ் நிறுவனத்தின் ஆலை காற்றைக் குளிர்வித்து நீர்மமாக்கி, அதிலிருந்து உயிர்வளியைப் பிரிக்கிறது. 2021 ஏப்ரல் 25 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் திருப்பெரும்புதூர் இடம்பெற்றது. அங்கிருந்து 80 கிலோலிட்டர் திரவ உயிர்வளியை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிட்டதை நீக்கவேண்டும் என்பது கோரிக்கை. தமிழகத்துக்கு ஒதுக்கியது நாளொன்றுக்கு 220 டன், செலவோ 310 டன்னைத் தாண்டிவிட்டது என்றது அக்கடிதம். அடுத்த மாநிலத்திலும் மூச்சுத் திணறுகிறவர்கள் மனிதர்கள்தாம். யாருக்கு முதலில் என்று சொல்ல நம்மால் ஆகாது. ஒரு கோபுரத்தின் அடியில் நாளொன்றுக்கு எத்தனை டன் சேரும் என்னும் கணக்கு அந்த வாரங்களில் உயிர்க்கணக்காக இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

கோபுரத்தின் சூட்சுமம் பழையது. கார்ல் வான் லிண்டே என்னும் ஜெர்மானியர் 1895-இல் காற்றைப் பேரளவில் நீர்மமாக்கினார். 1902-இல் அதிலிருந்து உயிர்வளியைப் பிரித்தார். 1910-இல் இரட்டைக் கோபுரம் அமைத்தார். நைட்ரஜன் −196 பாகையில் கொதிக்கும், உயிர்வளி −183 பாகையில். முன்னது மேலே செல்ல, பின்னது கீழே தங்கும். அடியில் தங்கிய உயிர்வளியைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அதற்கு வெப்பம் எங்கிருந்து வரும்? லிண்டே கீழே ஒரு கோபுரம், அதன்மேல் ஒன்று என வைத்தார். கீழ்க்கோபுரத்தில் அழுத்தம் ஐந்தரை மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் −178 பாகையிலேயே குளிர்ந்து நீர்மமாகும். மேல்கோபுரத்தின் உயிர்வளி −180 பாகையில் கொதிக்கும். ஆக, இயல்பில் அதிகக் குளிர்ச்சியான நைட்ரஜன் உயிர்வளிக்கு அடுப்பாகிறது. இதைக் கேட்டபோது நாம் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னோம். நல்ல முரண்தொடை வாய்த்த அடியைக் கேட்டாற்போல இருந்தது.

இனிக் கணினி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1976-இல் தொடங்கிய திட்டமொன்றிலிருந்து ஆஸ்பென் என்னும் மென்பொருள் பிறந்தது. பெரிய ஆலைகள் இன்று அத்தகைய வணிக மென்பொருள்களை விலை கொடுத்து வாங்குகின்றன. நம் மாணவருக்கு அது எட்டாத கொம்புத்தேன். அவருக்கு வாய்த்தது டி.டபிள்யூ.சிம். பிரேசிலைச் சேர்ந்த டேனியல் மெடெய்ரோஸ் எழுதி, மூலநிரலோடு எவருக்கும் திறந்து வைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் இதை இந்தியக் கல்லூரிகளில் பரப்பியது. மாணவர்கள் செயல்முறை வரைபடங்களைச் செய்து அனுப்பினால் சரிபார்த்து, சிறு ஊக்கத்தொகையும் தருகிறது. பழைய மடிக்கணினியில் இவர் அதை நிறுவிக்கொண்டார்.

திரையில் ஒரு கலன் வரைந்து, உள்ளே செல்லும் கலவை, வெப்பம், அழுத்தம் மூன்றையும் தந்தால், எவ்வளவு ஆவியாகும், அந்த ஆவியில் எது எத்தனை பங்கு என்று மென்பொருள் சொல்கிறது. அது செய்வது ஊகம். ஆவியின் பங்கு இவ்வளவு என்று முதலில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, கணக்கு ஒத்து வராவிட்டால் எண்ணை மாற்றி, மீண்டும் பார்த்து, ஒத்துவரும் வரை விடாது. ரேச்ஃபோர்டும் ரைஸும் 1952-இல் எழுதிய சமன்பாடு இதன் உயிர்நாடி. கோபுரம் என்பது இத்தகைய கலன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தட்டிலும் இதே ஊகம்.

சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். வாலையில் ஓமத்தைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது ஓமத் தீநீர். ஒரு தட்டு ஒரு வாலை. கோபுரம் வாலைமேல் வாலை. மாணவருக்கு இது பிடித்துப்போயிற்று. "தீநீர்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அவர் முதலில் காற்றை நைட்ரஜன், உயிர்வளி என்ற இரண்டாகவே வைத்துக் கணக்கிட்டார். பதினைந்து தட்டுகளில் 99.5 விழுக்காட்டுத் தூய்மை வந்துவிட்டது. திரையில் எல்லாம் பச்சை. இவ்வளவு எளிதா என்று அவருக்கே ஐயம். பிறகு ஆர்கானைச் சேர்த்தார். காற்றில் ஆர்கான் ஒரு விழுக்காடுகூட இல்லை, 0.93 தான். கிரேக்கத்தில் 'சோம்பேறி' என்று பொருள்படும் பெயர். எதனோடும் வினைபுரியாது. ராலேயும் ராம்சேயும் 1894-இல் கண்டுபிடிக்கும்வரை காற்றுக்குள் இப்படியொன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. ஆனால் அதன் கொதிநிலை −186. உயிர்வளிக்கும் அதற்கும் மூன்றே பாகை இடைவெளி. சோம்பேறி உயிர்வளியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. ஆர்கான் முழுவதும் அப்படி உயிர்வளியோடு இறங்கினால், நைட்ரஜனை அடியோடு நீக்கினாலும் தூய்மை 95.7 விழுக்காட்டில் நின்றுவிடும். இவர் கோபுரத்தில் அதே பதினைந்து தட்டுகள் 97-ஐத் தாண்ட மறுத்தன. தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதாயிற்று.

இதில் நம்மை உறுத்தியது ஒன்றுண்டு. மென்பொருள் முதல்முறை எந்த எச்சரிக்கையும் தரவில்லை. இரண்டு பொருள் என்றார், இரண்டு பொருளுக்கு மிகச் சரியான விடை தந்தது. சாராயத்தையும் தண்ணீரையும் பிரிக்கச் சொல்லி, இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தாதவை என்ற எளிய ரவூல்ட் விதியைத் தேர்ந்தெடுத்தால், நூறு விழுக்காட்டுச் சாராயம் கிடைக்கும் என்றே அது சொல்லும். இயற்கையோ எடையில் 95.6 விழுக்காட்டோடு கதவை மூடிவிடுகிறது. உரையாசிரியர் பாடத்தைத் தவறாகக் கொண்டுவிட்டால், அதன்மேல் எழுதும் உரை எத்தனை ஒழுங்காக அமைந்தாலும் என்ன பயன்? நம் துறையில் அத்தகைய உரைகள் சிலவற்றை நாம் மரியாதையோடு மனப்பாடம் செய்திருக்கிறோம்.

சொற்களுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வேதிப்பொறியியலுக்கு அப்பேறு அப்போது வாய்க்கவில்லை. ஆகவே இங்கே சொற்கள் பட்டியலில் உறங்குகின்றன. மாணவரோடு உட்கார்ந்து நாம் முடிவு செய்தவை சிலவே. கருவிகளின் பெயரை மாற்ற வேண்டாம். ஆலைக்குப் போனால் ரீபாய்லர் ரீபாய்லர்தான், கண்டன்சர் கண்டன்சர்தான். நடப்பவற்றைத் தமிழில் சொல்வோம்: எழுதல், இறங்கல், குளிர்தல், சமநிலை. 'காலம்' மட்டும் வேண்டாம், 'கோபுரம்' என்போம். ஆக்சிஜனா உயிர்வளியா என்பதில் அவருக்கும் நமக்கும் உடன்பாடில்லை. "ஆஸ்பத்திரியில உயிர்வளின்னு கேட்டா யாரு ஐயா குடுப்பாங்க?" என்றார். அவர் பட்டவர், பேசட்டும் என்று விட்டுவிட்டோம். இக்கட்டுரையில் உயிர்வளி வருவது நம் பிடிவாதம்.

பள்ளியில் அவர் பேசி முடித்து இரண்டு வாரமாகிறது. பிள்ளைகள் அதிகம் கேட்டது சோம்பேறியைப் பற்றித்தானாம். பெரிய ஆலைகளில் ஆர்கானைத் தனியே இழுத்துப் பிரிக்க ஒரு பக்கக் கோபுரம் வைப்பார்கள். அதையும் சேர்த்துவிட வேண்டும் என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறார். நேற்றிரவு தொலைபேசியில் கேட்டோம். நான்கு நாளாகக் கணக்கு ஒருங்கவில்லை, மேல்தட்டு ஒன்றில் எண் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது, முதல் ஊகத்தை மாற்றிப் பார்க்கப் போகிறேன் ஐயா என்றார்.