கொடகவெலயில் ஒரு பிற்பகல்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கொடகவெலவுக்குச் சென்றிருந்தேன். இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தை ஆகிய ஊர்களைக் கடந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த சிறு நகரம் அது. மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகப் பழக்கப்பட்டிராது. இங்கே அந்தக் குளிர் இல்லை. தேயிலையோடு இறப்பரும் கறுவாவும் வளர்கின்றன. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகளைப் போலத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன.

நான் போனது ஒரு வீட்டைக் காலிசெய்ய உதவுவதற்காக. எனக்கு மூத்தவர், நான் அக்கா என்று அழைப்பவர், தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்ததால் கிடைத்த குவாட்டர்ஸில் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கணவரும் ஓய்வுபெற்றுவிட்டார், வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். வத்தளையில் மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் இரண்டு அறை வீட்டுக்குப் போகிறார்கள். கடைத்தெருவில் நெடுங்காலமாகப் பத்திரிகை விற்ற முஸ்லிம் நண்பரும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் அவருடைய கடை வாசலில்தான் நாங்கள் மூவரும் கூடி அரசியல் பேசுவோம்.

பெட்டி கட்டும் வேலை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. தேநீர் வந்தது; பேச்சு தொடங்கியது. அக்கா வழக்கம்போலப் பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கொடகவெலயின் வெக்கையில் கம்பளி பின்னுவதைப் பார்க்கும் எவருக்கும் சிரிப்பு வரும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஏறத்தாழ 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. யாருடைய பங்கு எது என்று அந்த மக்களிடம் கேட்டு எழுதப்பட்டதல்ல அது. அக்காவின் தந்தைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. மூத்த சகோதரி வாழ்க்கைப்பட்ட குடும்பமோ இந்தியக் கணக்கில் விழுந்தது. 1975இல் அவர் தலைமன்னாரில் கப்பலேறினார். போய்ச் சேர்ந்தது நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே உடம்பைத் துளைக்கும் குளிர். சகோதரியின் பிள்ளைகளுக்காகத்தான் அக்கா, பத்து வயதைத் தாண்டிய பருவத்தில், பின்னல் கற்றுக்கொண்டார். 1984இல் கப்பல் நின்றது. பின்னல் நிற்கவில்லை, தபாலில் போனது. இப்போது சகோதரியின் பேரப்பிள்ளைகளுக்குப் பின்னுகிறார்.

“ஒரே வயித்துல பொறந்தோம் தம்பி. அவ இந்தியப் பிரஜை, நான் இலங்கைப் பிரஜை. ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம் பொறந்தவ நான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ நாவலில் வரும் மதாம் தெஃபார்ஜ் என்னும் பெண்ணைப் பற்றி நான் சொன்னேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை, 1859இல் வெளிவந்தது. பழிவாங்கப்பட வேண்டியவர்களின் பெயர்களை அவள் தன் பின்னலுக்குள்ளேயே குறியீடாகப் பின்னிவைப்பாள். அக்கா சற்று யோசித்தார்.

“என்னோட பின்னல்ல யாரு பேரும் இல்ல தம்பி. பின்னலோட நல்லதே, தப்பாப் போனா பிரிச்சுட்டு மறுபடி பின்னலாம். சட்டத்தைப் பிரிக்கத்தான் எவ்வளவு காலம் ஆச்சு பாருங்க.”

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அந்த வாக்குகள் மறுதேர்தலில் காணாமற்போயின. எஞ்சிய நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். இடையில் 55 ஆண்டுகள்.

“அந்த ஏழிலயும் நம்ம சபரகமுவவுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்” என்று கடைக்கார நண்பர் குறுக்கிட்டார். உண்மைதான். நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அலுத்நுவர என்பவையே அந்தத் தொகுதிகள். 2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் சென்றதைப் பற்றி அக்கா மகிழ்ச்சியோடு பேசினார். “நல்லதுதான், ஆனா நம்ம சனம் இங்க அங்கொண்ணு இங்கொண்ணா கிடக்குது. யாரு நமக்காகப் பேசுவா?” என்றார் நண்பர். இந்தக் கேள்வியை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பும் அதே குரலில் அவர் கேட்டிருக்கிறார். அப்போது நான் நீண்ட பதில் சொல்வேன். இப்போது தேநீரைக் குடித்தேன்.

பிறகு புத்தகங்கள். வத்தளை வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’யின் பழைய இதழ்கள், புதுமைப்பித்தனின் கதைத் தொகுதி ஒன்று. ‘துன்பக்கேணி’யை நான் முதலில் படித்தது அந்தப் பிரதியில்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பையனுக்கு, நம்மவர் இலங்கைத் தோட்டங்களில் பட்ட பாட்டைத் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் கதையாக்கியிருக்கிறார் என்று காட்டியவர் அக்கா. நான் பத்திரிகைக்காரன் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் நண்பர், “கொழும்புல புத்தகத்துக்கு என்ன பஞ்சமா? கடையில ஒரு தட்டு ஒதுக்குறேன். காசு வேணாம். படிச்சுட்டுத் திருப்பித் தரட்டும்” என்றார். அவர் சொன்னதே சரி. நான் ஒரேயொரு ‘மல்லிகை’ இதழை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த இதழ்களுக்கிடையில் ஒரு பத்திரிகை நறுக்கு இருந்தது. 2003 ஒக்டோபரில் அந்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதைப் பற்றிய செய்தி. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. அன்று செய்திமேசையில் இருந்தவன் நான். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்ததால் அதைப் பாதியாகக் குறைத்தவனும் நான். தோட்டத்தில் பிறந்த நானே அதைச் செய்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இதைத்தான் தம்பி லயத்துக்கு லயம் கொண்டுபோய் வாசிச்சேன். சுருக்கமா இருந்துச்சு, கிழவிங்களுக்கும் விளங்கிச்சு” என்றார். அந்த ஆண்டு இறுதியில் நடந்த பதிவு இயக்கத்தில் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கை, இப்போது ஊசி பிடித்திருக்கும் இதே கை. அவருடைய சமாதானம் எனக்குப் போதவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு லொறி வந்தது. அலுமாரி, கட்டில், தையல் இயந்திரம் எல்லாம் ஏறின. ஒரு சிறிய தகரப்பெட்டியை மட்டும் ஏற்ற அக்கா விடவில்லை. தந்தையின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்பு அத்தாட்சிகள், சகோதரியின் கடிதங்கள் அதில் இருக்கின்றன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, அவர் தந்தை வேறெதையும் எடுக்காமல் இந்தப் பெட்டியுடன் தேயிலைக்குள் ஒளிந்திருந்தார். அப்போது அக்காவுக்குப் பதினேழு வயது, பக்கத்தில் இருந்தார்.

“இப்ப இது இல்லாட்டியும் நீங்க இந்த நாட்டுப் பிரஜைதான் அக்கா. அடையாள அட்டை இருக்கு, சட்டம் இருக்கு” என்றேன்.

“தெரியும் தம்பி. அப்பாவும் அப்படித்தான் நினைச்சிருந்தாரு, நாப்பத்தெட்டு வரைக்கும்” என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வானில் ஏறினார். பின்னல் பையைப் பெட்டியின் மேல் வைத்தார். நண்பர் புத்தகக் கட்டுகளை முச்சக்கரவண்டியில் கடைக்கு எடுத்துச் சென்றார். நான் கொழும்பு பஸ்ஸுக்காக நின்றேன்.

அந்த நறுக்கு இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் விளம்பரத்தின் ஒரு மூலை தெரிகிறது. எந்தப் பொருளுக்கானது என்று வாசிக்க முடியவில்லை. புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். எத்தனை வீடு மாறினாலும் அதை வீசிவிடாதீர்கள். உள்ளே இருப்பவற்றின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சற்று விரிவாகவே.